கதைக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பேசத் தெரியாது

பாராளுமன்றத்தில் அந்தச் சட்டம் நிறைவேறிய மத்தியானம், சிவகௌரி பாடசாலை நூலகத்தின் யன்னல் பக்கத்துக் கதிரையில் இருந்து ஒரு புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள். சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு அவள் அந்தக் கதிரையில் இருக்கவும் இல்லை, வாசிக்கவும் இல்லை. பிள்ளைகளை வாசிக்க வைப்பதுதான் சட்டத்தின் நோக்கம்.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு தை மாதம். சிவகௌரிக்குப் பதினாறு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கிலீஷ்காரர் நாட்டுக்கு வந்து இரண்டரை வருடம். மனோர் பார்க்கில், ஒரே மாதிரியான வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் ஒரு தெருவில், பெற்றோல் ஸ்டேசனில் வேலை செய்யும் அண்ணன் பாலேந்திராவோடு இருந்தாள். பாடசாலை இரண்டு பஸ் தூரம். ஜூனில் பரீட்சை. ஐந்து பாடத்தில் நல்ல பெறுபேறு எடுத்தால் கல்லூரியில் இடம் உண்டு. எடுக்காவிட்டால் பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் சாண்ட்விச் செய்யும் கொம்பனியில் இடம் உண்டு. அங்கே அண்ணனின் சிநேகிதர் ஒருவர் சுப்பர்வைசர். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

புதுச் சட்டம் ஒவ்வொரு பாடசாலையிடமும் இரண்டே இரண்டு இலக்கங்களைத்தான் கேட்டது. எத்தனை பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியும், எத்தனை பிள்ளைகள் படிப்பை நிறைவு செய்தார்கள். இரண்டையும் பத்திரிகையில் போடுவார்கள். சிவகௌரியின் பாடசாலை அந்த வட்டாரப் பட்டியலில் கீழேயிருந்து இரண்டாவதாக இருந்தது. ஆகக் கீழே இருந்த பாடசாலை தீப்பிடித்து மூடிக்கிடந்தது.

திங்கட்கிழமை பாடசாலை அதிபர் எல்லோரையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டு உரையாற்றினார்.

"வாசிப்பு எங்கள் மூச்சு," என்றார். "நானும் சின்ன வயதில் ஒரு புத்தகம் வாசித்தேன். அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. பாராளுமன்றம் எங்களுக்கு நூற்று நாற்பது பக்கச் சட்டம் ஒன்றைத் தந்திருக்கிறது. அதன் சுருக்கத்தின் சுருக்கத்தை நகரசபையிலிருந்து ஒருவர் எனக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாதியில் வைத்துவிட்டேன்."

அன்று பின்னேரமே நூலகம் பூட்டப்பட்டது. பரிசோதகர்கள் வரும்போது புத்தகங்கள் புதிதாக இருக்க வேண்டுமாம். ஒவ்வொன்றையும் பிளாஸ்ரிக் உறையில் போட்டு நாடா ஒட்டினார்கள்.

சட்டத்தை நடத்துவதற்கென்று இசபெல் என்ற பெண்மணி எழுத்தறிவு இணைப்பாளராக நியமிக்கப்பட்டார். நல்ல மனுசி. யாரைக் கண்டாலும் தலையைச் சரித்துச் சிரிப்பார். ஆனால் கையில் படிவம் இருந்தால் தலை நேராகிவிடும். வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி புழங்கும் பிள்ளைகளை அந்த மொழியிலேயே விசாரித்து அளவெடுக்க வேண்டும் என்று படிவம் சொன்னது. எனவே நகரசபை ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை அனுப்பியது. பெயர் சேஷாத்ரி. மயிலாப்பூர்க்காரர். கார் நிறுத்தும் பகுதியில் அதிகாரியாக இருந்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு உதவக் கிடைத்ததே என்று கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

சிவகௌரிக்குக் கை தானாக மேசைக்குக் கீழே போனது. அதிகாரி, மேசை, படிவம் மூன்றையும் ஒன்றாகக் கண்டால் அவளுக்கு அப்படித்தான்.

"உன் பேர் என்னம்மா?"

"சிவகௌரி, சேர்."

"அழகான பேர். வீட்ல யாராவது இங்கிலீஷ்ல பேசுவாங்களா?"

சிவகௌரி யோசித்தாள். வீட்டில் யார் எந்த மொழியில் ஏசுகிறார்கள் என்று இவர் ஏன் கேட்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. அவள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது. சும்மா வாய் திறந்து உரையாடுவதற்குப் பெயர் கதைப்பது. சேஷாத்ரியின் ஊரில் பேசுவது என்றால் பேசுவதுதான், கதை என்றால் பாட்டி வடை சுட்டது. இரண்டு ஊருக்கும் நடுவில் அன்று ஒரு மேசை மட்டும் இருந்தது.

"இல்லை சேர். அண்ணை பேசுறதெண்டால் தமிழிலைதான் பேசுவார். இங்கிலீசிலை பேச அவருக்கு வராது."

"சரி. நீ?"

"நான் ஒருத்தரையும் பேசுறேல்லை சேர்."

"ஒருத்தர்கிட்டயுமா?"

"என்ர பாட்டிலை இருப்பன். சின்னனிலையிருந்து அப்பிடித்தான் வளத்தவை."

சேஷாத்ரியின் முகம் இளகியது. "டீச்சர் யாராவது உன்னோட பேசுவாங்களா?"

"ஒருநாளும் பேசினதில்லை. நான் நல்ல பிள்ளை சேர்."

"அடப் பாவமே. அப்ப நாள் முழுக்க என்னதான் பண்ணுவே?"

"பிள்ளையளோடை கதைப்பன். இங்கிலீசிலைதான். நான் நல்லாக் கதைப்பன் எண்டு எல்லாரும் சொல்லுறவை."

"கதையா?"

"ஓம்."

பிரார்த்தனை தொடங்கிவிட்டது என்று நினைத்து சேஷாத்ரி கண்ணை மூடினார். சிவகௌரி காத்திருந்தாள். அவரும் காத்திருந்தார். கடைசியில் அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு இசபெல் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பிள்ளை எந்த மொழியிலும் யாரோடும் பேசுவதில்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "வளர்ப்பு அப்படி. ஆசிரியர்களும் இவளோடு பேசியதில்லை. ஆனால் கதை சொல்வாள். நடுவில் கடவுளைக் கும்பிடுகிறாள்."

சிவகௌரி திடுக்கிட்டுப் போய் ஆங்கிலத்தில் சொன்னாள்: "மிஸ், அப்படி இல்லை. எனக்கு நன்றாக ஆங்கிலம் வரும். போன தவணை கட்டுரையில் வகுப்பில் நான்தான் முதலாவது."

இசபெல் சேஷாத்ரியைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

"ஆங்கிலத்தில்தானே சொன்னாள்."

"மொழிபெயர்ப்பாளர் வழியாக வருகிற பதிலை மட்டும்தான் நான் எழுதலாம். இதற்குப் படிவத்தில் இடம் இல்லை. தமிழில் சொல்லச் சொல்லுங்கள்."

சிவகௌரி மூச்சை இழுத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "எனக்கு இங்கிலீஷ் கதைக்கத் தெரியும்."

"இவளுக்கு ஆங்கிலக் கதைகள் தெரியுமாம்," என்றார் சேஷாத்ரி.

இசபெல் எழுதினார். பேச்சு: இல்லை. கற்பனை: மிக அதிகம். நிலை: வாசிப்புக்கு முந்தியது.

மைதானத்தின் மூலையில், இழுத்துச் செல்லச் சில்லு வைத்த ஒரு தகரக் கொட்டகை நின்றது. அதற்கு 'வாசிப்புப் பாலம்' என்று பெயர் வைத்து, அளவெடுப்பில் கீழே வந்த பன்னிரண்டு பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். முதல் நாளே சிவகௌரி பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். இசபெல் ஓடிவந்து மூடினார்.

"இரண்டாவது அளவெடுப்பு மார்ச்சில்தான். அதுவரை தயவுசெய்து வாசிக்காதே."

"ஏன் மிஸ்?"

"நாங்கள் இன்னும் உனக்குக் கற்பிக்கவில்லையே. இப்போது நீ வாசித்தால் அந்த முன்னேற்றம் யாருடைய கணக்கில் போகும்? பார்த்தாயா, யோசிக்காமல் செய்கிறாய்."

சிவகௌரி புத்தகத்தை வைத்துவிட்டுச் சுவரில் தொங்கிய தீயணைப்புக் கருவியில் இருந்ததை வாசித்தாள். அடுத்த நாள் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். பிறகு 'வெளியே செல்லும் வழி' என்ற பலகைக்குக் கறுப்புக் கடதாசி ஒட்டினார்கள். ஒருநாள் இடைவேளையில் ஒரு பையன் உருளைக்கிழங்குக் கிறிஸ்ப் பக்கெற்றைப் புரட்டி என்ன எண்ணெயில் பொரித்தது என்று உரக்க வாசித்துவிட்டான். அன்றிலிருந்து எல்லோருடைய பக்கெற்றும் வாசலில் வாங்கப்பட்டு, கிறிஸ்ப் மட்டும் வெள்ளைப் பைகளில் திரும்பி வந்தது. 'வாசிப்போம், உயர்வோம்' என்று சிரிக்கிற ஆந்தை படம் ஒன்று சுவரில் இருந்தது. அதையும் கழற்றினார்கள். ஆந்தையை மட்டும் வெட்டி மறுபடி ஒட்டினார்கள்.

மூன்றாவது கிழமை வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. பாலேந்திரா வேலை உடுப்போடு சமையலறையில் நின்று அதை இரண்டு தரம் வாசித்தார். அவர் எந்தக் கடிதத்தையும் இரண்டு தரம் வாசிப்பார். அகதி விண்ணப்பம் போட்ட மனிதர்களுக்கு வருகிற பழக்கம் அது.

"மார்ச் இருபத்தாறாம் திகதி நிறைவு விழாவாம். உனக்கு சேட்டிபிக்கட் தருகினமாம். நல்ல விசயம்தானே, பிள்ளை."

"அண்ணை, சோதினை ஜூனிலை. மார்ச்சிலை என்னெண்டு நிறைவு?"

"அவை முடிஞ்சுது எண்டால் முடிஞ்சுதுதான்."

"அந்த சேட்டிபிக்கட்டை வாங்கினால் நான் பள்ளிக்குடத்தை விட்டுப் போனதாக் கணக்கு. பிறகு சோதினை எழுத விடமாட்டினம். எங்களைக் கழிச்சால்தான் அவையின்ர நம்பர் கூடும்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"கடிதத்தின்ர பின்பக்கத்திலை கிடக்கு."

பாலேந்திரா கடிதத்தைத் திருப்பினார். கிடந்தது. அதையும் இரண்டு தரம் வாசித்தார்.

"சட்டத்தோடை கொழுவாதை தங்கச்சி," என்றார் மெதுவாக. "எங்கடை விசாவே இன்னும் வரேல்லை. ஹோம் ஒபீஸ்காரன் பாத்துக்கொண்டிருக்கிறான்."

"ஹோம் ஒபீஸ்காரனுக்கு என்ர இங்கிலீஷ் சோதினையிலை என்ன வேலை?"

"அவனுக்கு வேறை என்ன வேலை?"

சிவகௌரி சிரிக்கவில்லை. அவர் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டுவிட்டு அவளைப் பார்க்காமலே சொன்னார். "அந்தச் சாண்ட்விச் கொம்பனியிலை சொல்லி வைச்சிருக்கிறன். ஏப்ரல் ஒண்டிலையிருந்து ஷிப்ட். வேணாமெண்டால் வேணாம். ஆனால் சொல்லி வைச்சிருக்கிறன்."

அன்று மீதி நேரம் முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை. படிவத்தில் எழுதியது அன்றைக்கு மட்டும் உண்மையாக இருந்தது.

மார்ச் முதல் கிழமை இரண்டாவது அளவெடுப்புக்கு சேஷாத்ரி மறுபடி வந்தார். கையில் அவளுக்கென்று ஒரு பெட்டி மைசூர்பாகு. இசபெல் வருவதற்கு முன் சிவகௌரி எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினாள். பூட்டிய நூலகம், கொட்டகை, ஆந்தை, நிறைவு விழா. பாதி விளங்காவிட்டாலும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இது என்ன அநியாயம். இரு, நான் இப்பவே போய் ஹெட்மாஸ்டர்கிட்ட பேசறேன்."

"ஐயோ வேண்டாம் சேர். அவரைப் பேசாதேங்கோ."

"ஏன்?"

"பெரிய மனுசரைப் பேசலாமோ? பிறகு அவருக்கு என்னிலைதான் கோவம் வரும்."

"நல்ல விதமாத்தான் பேசுவேன்மா."

"நல்ல விதமாப் பேசுறதோ? அது என்னெண்டு சேர்?"

சேஷாத்ரி கதவு வரை போய்த் திரும்பி வந்தார். பெட்டியை மேசையில் வைத்தார்.

"ஒரு நிமிஷம். பேசறதுன்னா உங்க ஊர்ல... திட்டறதா?"

"ஓம் சேர்."

"ஓம்னா?"

"ஓமெண்டால் ஓம். நீங்கள் ஆமா எண்டுவியள்."

"அப்ப பேசறதுக்கு என்ன சொல்லுவீங்க?"

"கதைக்கிறது."

சேஷாத்ரி கதிரையில் தொப்பென்று இருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று சிவகௌரி பயந்தாள். "அப்ப உங்க அண்ணா," என்று தொடங்கினார், முடிக்க முடியவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "உங்க அண்ணாவுக்கு இங்கிலீஷ்ல திட்ட வராது." அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு கிழமைக்குப் பிறகு வந்த சிரிப்பு, நிறுத்த முடியவில்லை. இசபெல் கதவைத் திறந்தபோது எழுத்தறிவற்ற பிள்ளையும் மொழிபெயர்ப்பாளரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மைசூர்பாகு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சேஷாத்ரி எழும்பி நின்று ஒழுங்காக விளக்கினார். தவறு தன்னுடையது என்றார். இந்தப் பிள்ளை தமிழும் பேசும், ஆங்கிலமும் பேசும், எழுதும், வாசிக்கும், வகுப்பில் முதலாவது என்றார்.

இசபெலின் தலை சரிந்தது. கண்ணில் நீர் தளும்பியது.

"ஆறு வாரத்தில்," என்றார்.

"இல்லை, முதலிலிருந்தே தெரியும். நான்தான் தப்பாக..."

"பேச்சே இல்லாத பிள்ளை. ஆறே வாரத்தில் இரண்டு மொழி." அவர் படிவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதிபரிடம் ஓடினார்.

அதிபரும் கொட்டகைக்கு வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக. சிவகௌரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இந்தச் சட்டத்தைப் பற்றி எனக்குச் சந்தேகங்கள் இருந்தன," என்றார். "சட்டம் வேலை செய்யாது என்பதல்ல, வேலை செய்தாலும் எங்களுக்குத் தெரியவராதே என்பதுதான். இன்று தெரிகிறது. நிறைவு விழாவில் கடைசிச் சான்றிதழ் உனக்குத்தான்."

"சேர், அப்படியென்றால் நான் ஜூனில் பரீட்சை எழுதலாமா?"

அதிபர் இசபெலைப் பார்த்தார். இசபெல் பதில் சொன்னார். "கண்ணே, நீ எங்கள் வெற்றி. வெற்றி பெற்ற ஒருத்தியைப் போய் யாராவது பரீட்சையில் இருத்துவார்களா? தவறினால் என்ன ஆகும்?"

சேஷாத்ரி அன்றே ஒரு திருத்தக் கடிதம் எழுதினார். அடுத்த நாள் இன்னொன்று. மூன்றாவதைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். பாடசாலை மூன்றுக்கும் ஒரே பதிலை அனுப்பியது: தங்கள் பாராட்டுக்கு நன்றி.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் சிவகௌரி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே பெர்னடெற் என்ற ஐரிஷ் எழுதுவினைஞர் வாயில் பெப்பர்மின்ற் குதப்பிக்கொண்டு பன்னிரண்டு சான்றிதழ்களைத் தட்டெழுதிக்கொண்டிருந்தார்.

"பரீட்சைக்குப் பெயர் பதிவு செய்யும் படிவம் இருக்கிறதா?"

"இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். நீ முடிந்துபோனவள் அல்லவா?"

"வெள்ளிக்கிழமைதான் முடியப்போகிறேன்."

பெர்னடெற் தட்டெழுதுவதை நிறுத்திவிட்டு அவளை முழுதாகப் பார்த்தார். பிறகு ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "வீட்டுக் கையெழுத்தோடு அதிபரும் கையெழுத்துப் போட்டால் செல்லும். அதற்குப் பிறகு எந்தச் சான்றிதழாலும் உன்னை அழிக்க முடியாது."

"அவர் போடமாட்டார்."

"வாசித்தால் போடமாட்டார்," என்றார் பெர்னடெற். "பதினேழு வருடம் இந்தக் கதிரையில் இருக்கிறேன். போன மாரிகாலத்தில் பகிடிக்கு அவருடைய இராஜினாமாக் கடிதத்தைத் தட்டெழுதி நடுவில் வைத்தேன். அதிலும் போட்டார். சான்றிதழும் இந்தப் படிவமும் ஒரே நிறம், பார்த்தாயா? நல்ல தடித்த கடதாசி."

சிவகௌரி இரவு முழுக்க நித்திரை கொள்ளாமல் ஒவ்வொரு கட்டத்தையும் அச்செழுத்துப் போல நிரப்பினாள். ஐந்து பாடம். பிறந்த ஆண்டில் ஏழு என்ற இலக்கத்தை மட்டும் ஒருமுறை திருத்த வேண்டி வந்தது. காலையில் அதைப் பெர்னடெற்றிடம் கொடுத்தாள்.

விழாவுக்கு நகரசபைக் கல்விக் குழுத் தலைவர் வந்திருந்தார். மாலை போட்டார்கள். அவர் மேடையில் எழும்பி, "எழுத்தறிவு என்பது எழுதத் தெரிவதும் அறியத் தெரிவதும்," என்று தொடங்கிவிட்டு, தாளின் அடுத்த பக்கத்தைத் தேடினார். அது வேறு விழாவுக்கான பக்கம். குப்பை அகற்றுவதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். நல்ல கைதட்டல்.

அதிபர் எல்லோர் முன்னிலையிலும் கையெழுத்திட விரும்பினார். தடித்த கறுப்புப் பேனையைத் திறந்தார். பெர்னடெற் கடதாசிக் கட்டைக் கொண்டுவந்து அவர் முன் வைத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்து விழும் இடத்தை மட்டும் விட்டு மற்றதை உள்ளங்கையால் மறைத்துப் பிடித்தார், மை படாமல் இருக்க. பதினோரு பிள்ளைகள் வாங்கிப் போனார்கள். "சிவகௌரி" என்று கூப்பிட்டதும் அவள் மேடையில் ஏறினாள். அதிபர் கையெழுத்துப் போட்டார். கடதாசியைத் தூக்கிச் சபைக்குக் காட்டினார். பிறகு தலைவரிடம் கொடுத்தார், அவர் கையால் கொடுக்கட்டும் என்று.

தலைவர் அதைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு தூரமாகப் பிடித்தார். சிவகௌரி அவருடைய சட்டைப் பையில் கண்ணாடி இருக்கிறதா என்று பார்த்தாள்.

"அருமையான வாசகம்," என்றார் தலைவர், கொடுத்துவிட்டு. "அப்படியே நெஞ்சைத் தொடுகிறது."

உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். அவள் படிவத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள், அதிபர் ஒரு பக்கம், தலைவர் ஒரு பக்கம். படம் எடுத்தவர் கடதாசியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். உயர்த்தினாள்.

கீழே இறங்கியபோது பாலேந்திரா முன்வரிசையில் நின்றார். கலியாணத்துக்குப் போடுகிற கோட் போட்டிருந்தார். கைதட்டி உள்ளங்கை சிவந்திருந்தது. "கொண்டா பாப்பம்," என்று வாங்கி, வெளிச்சத்துக்குத் திரும்பி நின்று வாசித்தார்.

வாசித்தார். அவருடைய முகத்தில் இருந்த விழா மெல்ல மெல்ல இறங்கியது.

"இது சேட்டிபிக்கட் இல்லையே."

"ஓம் அண்ணை."

"ஜூன் எட்டு. காலமை ஒம்பது மணி. இங்கிலீஷ் முதலாம் பேப்பர்." அவர் அதிபரின் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "இவர் தெரிஞ்சுகொண்டோ போட்டவர்?"

"இல்லை."

பாலேந்திரா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். மேடையில் இசபெல் கண்ணீரைத் துடைத்தபடி எல்லோரையும் அணைத்துக்கொண்டிருந்தார். தலைவர் மாலையோடு கேக் சாப்பிட்டார். பெர்னடெற் மட்டும் கதவடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றார், படிவத்தை வாங்கித் தபாலில் போட. சிவகௌரி அண்ணனின் கையைப் பார்த்தபடி நின்றாள். அந்தக் கை இரண்டாக மடித்தாலும் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

"இதிலை கீழை ஒரு இடம் வெறுமையாக் கிடக்கு," என்றார் அவர்.

"பாதுகாவலற்றை கையெழுத்து."

"என்னை ஏன் முதல் கேக்கேல்லை?"

"ஏப்ரல் ஒண்டு எண்டு சொன்னியள்."

பாலேந்திரா படிவத்தை இடது கைக்கு மாற்றினார். கோட் பொக்கெற்றைத் தடவினார், பேனை இல்லை. அதிபர் கைகுலுக்கிக்கொண்டே பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். ஹோம் ஒபீசில் கதிரையின் நுனியில் மட்டும் இருக்கிற பாலேந்திரா, ஒரு அடி முன்னால் வைத்து, தன்னுடைய பெற்றோல் ஸ்டேசன் ஆங்கிலத்தில் கேட்டார்.

"சேர். உங்கள் பேனை. ஒரு நிமிடம்."

"தாராளமாக," என்று அதிபர் தடித்த கறுப்புப் பேனையைக் கொடுத்தார். "பெருமையான நாள்."

பாலேந்திரா கதிரை ஒன்றின் முதுகில் படிவத்தை வைத்துப் பேனையைத் திறந்தார். திறந்துவிட்டு, கையெழுத்துப் போடாமல், முதல் வரியில் விரலை வைத்தார். ஒன்பது மணி சோதினைக்கு எட்டரைக்கே நிற்க வேணும், இரண்டு பஸ், அன்றைக்கு ஷிப்டை மாத்தவேணும் என்று தனக்குள் முணுமுணுத்தார். அதிபர் பேனைக்காகக் கையை நீட்டியபடி சிரித்துக்கொண்டு நின்றார்.

பாலேந்திரா இரண்டாவது தரம் வாசிக்கத் தொடங்கினார்.